பீரங்கி பார்க்கும் வாசல்

கண்ணு,

நீ போனை வைத்துவிட்டாய். நான்தான் வைக்காமல் காதிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். "அந்தப் பக்கம் திருப்பச் சொன்னது எவம்மா? அவன் என் கல்யாணத்துக்கு வரக் கூடாது. அவனுக்குப் பத்திரிகை வெச்சீங்கன்னா நான் மேடையே ஏற மாட்டேன்" என்றாய். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "ஊர்ல சொன்னாங்கப்பா" என்றேன். ஊர் என்று ஓர் ஆள் எங்கே இருக்கிறான்? ஊருக்கு வாய் கிடையாது. அன்றைக்கு வாய் இருந்தது எனக்குத்தான். டாங்கியின் பீரங்கியைக் காலனிப் பக்கம் திருப்பச் சொன்னவள் உன் அம்மா.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்ல ஆரம்பித்தால் நான் அழுதுவிடுவேன், நீ அழாதே என்பாய், விஷயம் அத்தோடு அமுங்கிப்போகும். நம் வீட்டில் பல விஷயங்கள் அப்படித்தான் அமுங்கியிருக்கின்றன. அதனால் எழுதுகிறேன். உன் அப்பா ராணுவத்தில் வண்டி ஓட்டிய காலமெல்லாம் அவருக்கு எழுதி எழுதிப் பழகிய கை இது. அந்தக் கடிதங்களிலும் நான் யோக்கியம் இல்லை. உன்னைக் காய்ச்சலோடு மடியில் போட்டுக்கொண்டே "இங்கு அனைவரும் நலம்" என்று எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதத்தில் அந்த வரி வராது.

நீ பெங்களூரில் இருந்ததால் டாங்கி வந்த கதை உனக்கு முழுசாகத் தெரியாது. நம் ஊரில் ராணுவத்துக்குப் போகாத குடும்பம் கம்மி. ஆனால் சண்டையில் டாங்கிக்குள்ளேயே செத்துப்போனவர் ஒருவர்தான், உன் சிநேகிதன் வேலுவின் தாத்தா கோவிந்தன். பாகிஸ்தான் சண்டையில் போனார். உடம்பு வரவில்லை, ஒரு தகரப் பெட்டிதான் வந்தது. வேலுவின் அப்பா ஏழுமலை அப்போது தாயின் வயிற்றில். உன் அப்பாவும் ஊரில் இருக்கிற மற்ற முன்னாள் ராணுவக்காரர்களும் சேர்ந்து, ஓட்டம் முடிந்த பழைய டாங்கி ஒன்றை நினைவுச்சின்னமாகத் தரவேண்டும் என்று கேட்டபோது, கோவிந்தனின் பேரைத்தான் முன்னால் வைத்தார்கள். அந்த ஒரு பேருக்காகத்தான் இவ்வளவு பெரிய இரும்பு நம் ஊருக்குக் கிடைத்தது. இதை நீ மனசில் வைத்துக்கொள், மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான் அசிங்கமாகும்.

டாங்கி வந்த அன்று ஊர் பட்ட பாட்டைப் பார்த்திருக்க வேண்டும். கீழ்பென்னாத்தூரிலிருந்து நீட்டு லாரியில் கட்டி ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வழிநெடுக மேளம். நாங்கள் பொம்பளைகள் எல்லாரும் வரிசையாக நின்று ஆரத்தி எடுத்தோம். ஒரு கிழவி அதன் சங்கிலிச் சக்கரத்துக்கு மஞ்சள் பூசிவிட்டு, "இன்னா ஒசரம்டி யம்மா" என்று வாயைப் பிளந்தாள். பஸ் நிற்கிற முக்கூட்டில் சிமெண்டு மேடை தயாராக இருந்தது. எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள். மாலைக்குச் சொல்லியாகிவிட்டது, கேசரிக்கு ரவை வந்துவிட்டது, கல்வெட்டு வெட்டியாகிவிட்டது. பீரங்கி எந்தத் திசையைப் பார்ப்பது என்பதை மட்டும் ஒருத்தரும் யோசிக்கவில்லை. ராணுவத்தில் வருஷக்கணக்காக இருந்துவிட்டு வந்தவர்கள், பார்த்துக்கொள்.

கிரேன் அதைத் தூக்கி முதலில் மேற்கே பார்த்து இறக்கப் போனது. மாரியம்மன் கோயில் பூசாரி ஓடிவந்து கையை நீட்டித் தடுத்தார். கார்த்திகைக்கு மலையில் தீபம் ஏறும்போது ஊரே நின்று கும்பிடுகிற திசை. அண்ணாமலையாருக்கு நேராகப் பீரங்கியை நீட்டுவதா? எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கிழக்கே திருப்பலாம் என்றால் மாரியம்மன் கோயில். குழாயை மட்டும் வானத்தைப் பார்த்துத் தூக்கிவிடலாமே என்று நீ கேட்பாய். அசையாதபடி இரும்பு வைத்துப் பற்றவைத்துத்தான் கொடுத்திருக்கிறார்கள், திருப்பினால் முழு வண்டியையும்தான் திருப்ப வேண்டும். சரி என்று வடக்கே திருப்பினார்கள். வடக்கே நம் தெரு. தெருவின் முதல் வீடு நம் வீடு.

நான் கேசரி கிண்டிக்கொண்டிருந்தவள், கரண்டியோடு வாசலுக்கு வந்தேன். அந்தக் குழாய் மெதுவாகச் சுற்றி நம் வாசல்படியைப் பார்த்து வந்து நின்றது. உனக்குத்தான் தெரியுமே, தெருக்குத்துக்கு நான் எப்படிப் பயப்படுவேன் என்று. தெரு வந்து நேராக மோதுகிற வீடு உருப்படாது என்று சொல்லி, அடி அண்ணாமலையில் உன் சித்தப்பா நல்ல மனையை வாங்க இருந்ததையே நான் பேசிப் பேசி வேண்டாமென்று ஆக்கினவள். வெறும் தெருவுக்கே அந்தப் பாடு என்றால், பீரங்கிக்குக் கேட்க வேண்டுமா? பெண் வீட்டார் வந்து உன்னைப் பார்த்துவிட்டுப் போய் அப்போதுதான் சம்மதம் சொல்லியிருந்தார்கள். நான் கத்தினேன்.

"எங்க ஊட்டுக்கு நேரா வேணாம். புள்ளைக்கு இப்பத்தான் கல்யாணம் கூடி வருது. அந்தாண்ட இன்னா இருக்குது, காலிதான? அந்தாண்டயே திருப்புங்க."

அந்தாண்ட இருப்பது காலனி. ரோட்டைத் தாண்டினால் முதல் வீடு ஏழுமலை வீடு, வேலு பிறந்து வளர்ந்த வீடு, கோவிந்தனின் தகரப் பெட்டி வந்து இறங்கிய வீடு. என் கண் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. வீடு தெரிந்தது. கொடியில் காய்கிற துணி தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் காலி என்றேன். தெரியாமல் சொல்லியிருந்தால், மறந்துபோய்ச் சொல்லியிருந்தால், ஏதோ ஒரு சமாதானம் இருக்கும். எனக்கு அந்தச் சமாதானம்கூட இல்லை.

இதில் இன்னும் கேவலமானது ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். நான் சொன்னதும் ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை. கிரேன்காரர் வெளியூர் ஆள், அவர் மட்டும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு "அந்தாண்டயா?" என்று இன்னொரு முறை கேட்டார். ஊர்க்காரர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். இத்தனை ஆம்பிளைகள் திசை தெரியாமல் முழிக்கும்போது ஒரு பொம்பளை வழி சொன்னாளே என்று ஒருத்தர் மெச்சினார். எனக்குப் பெருமையாக இருந்தது கண்ணு. உள்ளே போய்க் கேசரியில் இன்னும் கொஞ்சம் நெய் ஊற்றினேன்.

உன் அப்பா அங்கேதான் நின்றிருந்தார். அவரைப் பற்றி உனக்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். நீ சின்னவனாக இருந்தபோது ஒரு தீபாவளிக்கு அவர் லீவில் வந்திருந்தார். நீ பொட்டுத் துப்பாக்கியை வேலுவின் நெற்றிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு "கையைத் தூக்கு" என்றாய். வேலுவும் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினான். உன் அப்பா வந்து அதைப் பிடுங்கி, காலின் கீழ் போட்டு மிதித்து உடைத்தார். குண்டு இல்லாவிட்டாலும், பொம்மையாக இருந்தாலும், மனுஷன் பக்கம் நீட்டக் கூடாது, இதுதான் துப்பாக்கி தொடுகிறவனுக்கு முதல் பாடம் என்றார். நீ அழுதாய். நான் அவரிடம் சண்டை போட்டேன், ஒரு பொம்மைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று. மறுநாளே உனக்கு வேறு துப்பாக்கி வாங்கிக் கொடுத்தேன். இரண்டாவதை நீ யார் பக்கமும் நீட்டவில்லை. நீ அவரிடம் கற்றுக்கொண்டாய். நான்தான் கற்றுக்கொள்ளவில்லை.

அப்படிப்பட்ட மனுஷன் நிஜப் பீரங்கிக்கு வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் எல்லாரும் போன பிறகு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "நீ சொன்னது தப்பு" என்றார். அப்படியென்றால் அங்கேயே சொல்ல வேண்டியதுதானே என்று நான் எகிறினேன். "நீ ஊரு முன்னால சொல்லிட்ட. நான் இன்னா பண்றது" என்றார். நீ நாளைக்குக் குடும்பம் நடத்தப் போகிறவன், அதனால் சொல்கிறேன். உன் பெண்டாட்டி ஊர் முன்னால் தப்பாகப் பேசினால் ஊர் முன்னாலேயே திருத்து. அவளும் உன்னை அப்படியே திருத்தட்டும். வீட்டுக்கு வந்து காதோடு திருத்துவதற்கு மரியாதை என்று பேர் வைத்திருக்கிறோம். அது பயம்தான்.

திறப்பு விழாவில் ஏழுமலைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கல்வெட்டில் முதல் பேர் கோவிந்தன் பேர்தான், அதில் குறை இல்லை. ஆனால் கல்வெட்டு நம் தெருவைப் பார்த்து இருக்கிறது. நாம் காப்பி குடித்துக்கொண்டே அந்தப் பேரைப் படிக்கலாம். அவர் பெற்ற பிள்ளை அதைப் படிக்க வேண்டுமென்றால் ரோட்டைத் தாண்டி, பீரங்கியைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். அவர்கள் பக்கத்துக்குப் பேர் இல்லை, குழாய்தான். இதுவும் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன். பின்னால் நம் வீடு தெரிகிற மாதிரி பார்த்து நின்று எடுக்கச் சொன்னேன்.

ஆயுத பூஜை வந்தது. ஊரில் இருக்கிற வண்டிக்கெல்லாம் பொட்டு வைத்தால் பெரிய வண்டியை விட முடியுமா? டாங்கிக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. சங்கிலிச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஓடாத வண்டி எப்படி நசுக்கும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அப்புறம் பூசணிக்காயில் குங்குமம் கொட்டி, திருஷ்டி சுற்றி, பீரங்கிக்கு முன்னால் ஓங்கி உடைத்தார்கள். பீரங்கிக்கு முன்னால் என்றால் எங்கே? காலனிக்குள் திரும்புகிற வழியில். மறுநாள் காலையில் நான் பால் வாங்கப் போனபோது வேலுவின் அம்மா மல்லிகா துடைப்பத்தோடு அதை அள்ளிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போது வழுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று. நானும் அவளும் நூறு நாள் வேலையில் ஒரே வரப்பில் உட்கார்ந்து சோறு தின்றவர்கள், அவரவர் டப்பாவில் இருந்து. என்னைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"ஊரு கண்ணு எல்லாம் எங்க வாசல்லதான் வந்து வுழணுமாக்கா?"

நான் சிரித்தேன். திருஷ்டி போனால் சரிதானே என்று ஏதோ சொல்லிவிட்டு நடந்தேன். அவள் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம்தான் உன் போன். அந்த போட்டோவை நீ பெரிசு பண்ணிப் பார்த்திருக்கிறாய். நான் நம் வீட்டைப் பார் என்று அனுப்பினேன், நீ குழாய் எங்கே பார்க்கிறது என்று பார்த்தாய். வேலுவிடம் கேட்டதாகவும், அவன் சிரித்துவிட்டு "உடு மச்சான், ஓடாத வண்டிதான" என்று சொன்னதாகவும் சொன்னாய். அவன் வடக்கே ராணுவத்தில் இதே மாதிரி டாங்கிக்குள் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன். லீவு போட்டு உனக்கு மாப்பிள்ளைத் தோழனாக நிற்க வருகிறான். ஊருக்குள் நுழைந்ததும் தன் அம்மாவின் வாசலைக் குறிவைத்துக்கொண்டு அது நிற்பதைப் பார்ப்பான். அப்போதும் சிரிப்பான். அவன் திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் ஏழுமலை வீட்டுக்குப் போனேன். நீ சின்ன வயசில் அங்கே சாப்பிட்டுவிட்டு வந்தால் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதை உறவுக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன், எங்கள் வீட்டில் அதெல்லாம் பார்ப்பதில்லை என்று. ஆனால் நான் அந்த வீட்டு வாசல்படியைத் தாண்டினதில்லை. வெளியே நின்று கூப்பிட்டு, வெளியே நின்று பேசிவிட்டு வருவேன். அன்றைக்குத்தான் உள்ளே போய் உட்கார்ந்தேன். மல்லிகா தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் நான் குடித்த முதல் தண்ணீர் அது. அவர்களுக்கும் அது தெரியும்.

உட்கார்ந்த இடத்திலிருந்து வெளியே பார்த்தேன். கண்ணு, அங்கிருந்து பார்த்தால் அது டாங்கியாகவே தெரியவில்லை. வட்டமாக ஓர் ஓட்டைதான் தெரிகிறது. அதற்கு நேர் பின்னால், ரோட்டுக்கு அந்தப் பக்கம், நம் வீட்டு வாசல். நான் காலையில் கட்டிய மாவிலைத் தோரணம்கூடத் தெரிந்தது. நம் வீட்டுக்குள்ளிருந்து யாரோ அந்தக் குழாயை அவர்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பது போலத்தான் இருந்தது. அவர்கள் தினமும் கதவைத் திறந்தால் இதைத்தான் பார்க்கிறார்கள். இதில் பொய் என்ன இருக்கிறது? நம் வீட்டுக்குள்ளிருந்துதானே நீட்டினேன்.

ஏழுமலையிடம் சொன்னேன், திருப்பச் சொன்னது நான்தான் என்று. "தெரியும்மா. நான் அங்கதான் நின்னுனு இருந்தேன்" என்றார். இது எனக்குத் தெரியாது. கிரேன் பக்கத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றிருக்கிறார். காலி என்று நான் கத்தியது அவர் காதில் விழுந்திருக்கிறது. அதற்குப் பிறகும் பொன்னாடையை வாங்கிக்கொண்டு கும்பிட்டிருக்கிறார்.

நான் தயாராக வைத்திருந்ததைச் சொன்னேன். எங்கள் வீட்டுப் பக்கமே திருப்பிவிடச் சொல்கிறேன், வந்தால் வரட்டும், தெருக்குத்து எங்களுக்கே இருக்கட்டும் என்றேன். பெரிய தியாகம் செய்கிறவள் மாதிரி. ஏழுமலை பதில் சொன்னார். அவர் குரல் ஏறவே இல்லை.

"அன்னிக்கும் எங்கள கேக்கல. இன்னிக்கும் நீங்களே ஒரு முடிவு பண்ணிக்குனு வந்து சொல்றீங்க. திருப்புறது அப்புறம் இருக்கட்டும்மா. கூட்டம் போடுங்க, எங்களயும் கூப்புடுங்க. அந்தாண்ட காலின்னு அன்னிக்குச் சொன்னது யாருன்னு அங்க வந்து சொல்லுங்க."

எனக்குச் சுருக்கென்றது. மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் அதே தப்பைத்தான் செய்திருக்கிறேன். ஏழுமலை என்னை மன்னிக்கவில்லை. அவசரப்பட்டு மன்னித்திருந்தால் நான் நிம்மதியாக வீடு வந்து, உனக்கு இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டம். டாங்கி மேடைக்குப் பக்கத்திலேயே, இரண்டு பக்கத்து ஆட்களும். உன் அப்பாவே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார், ரோட்டுக்கு அந்தாண்டயும். கல்யாணத்தை வைத்துக்கொண்டு இதை ஏன் கிளறுகிறீர்கள் என்று நம் தெருவில் நாலு பேர் கேட்டார்கள். கல்யாணத்தைச் சொல்லித்தானே இவள் ஆரம்பித்தாள், கல்யாணத்துக்கு முன்னாலேயே முடிக்க வேண்டியதுதான் என்றார் உன் அப்பா. நான் எழுந்து நின்று, சொன்னதைச் சொன்னபடி, கரண்டியோடு நின்றது உட்பட, சொல்லப் போகிறேன். நீ அன்றைக்கு வந்துவிடாதே. பிள்ளை பக்கத்தில் இருந்தால் என் மேல் இரக்கப்படுவார்கள், அது வேண்டாம்.

உனக்காகச் செய்தேன் என்று நான் உன்னிடம் சொல்லப் போவதில்லை. உன் பேரைச் சொல்லித்தான் செய்தேன், ஆனால் அது உனக்காக இல்லை. நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்தால், அதன் பேரைச் சொல்லி அடுத்தவன் வாசலில் எதையும் கொண்டுபோய் வைக்காதே. பிள்ளைக்காக என்று சொல்லிவிட்டால் எந்த அநியாயத்துக்கும் ஊர் தலையாட்டும். நான் கண்ணால் பார்த்தேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கூட்டத்தில் எல்லாருமாகப் பேசி, நம் வாசல் பக்கம் திருப்பலாம் என்று முடிவானாலும் ஆகலாம். நான் சரி என்று சொல்ல நினைக்கிறேன். ஆனால் அந்த வாசலில் வலது காலை எடுத்துவைத்து வரப்போகிறவள் ஒருத்தி இருக்கிறாள். அவளைக் கேட்காமல் நான் சரி சொன்னால், அவள் இருக்கிற வீட்டையும் காலி என்று சொன்ன மாதிரிதான். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவளிடம் கேள். என்னைப் பற்றியும் மறைக்காமல் சொல். அவளுக்குப் பயமாக இருந்தால், மருமகளுக்குப் பயமாக இருக்கிறது என்று கூட்டத்தில் அதையும் சொல்கிறேன். அங்கே இருக்கிறவர்களுக்கும் பயம் என்றால் என்ன என்று தெரியும்.

பத்திரிகைகள் அச்சாகி வந்துவிட்டன, மஞ்சள் தடவி வைத்திருக்கிறேன். குலதெய்வத்துக்கு வைத்த பிறகு முதல் பத்திரிகையை ஏழுமலைக்கும் மல்லிகாவுக்கும் நீயே வந்து கொடு, உள்ளே போய் உட்கார்ந்து கொடு. மற்றவர்களுக்கு நானும் உன் அப்பாவும் கொடுத்துக்கொள்கிறோம். ஒன்றை மட்டும் பேர் எழுதாமல் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். வரக் கூடாது என்று நீ சொன்ன ஆளுக்கு அதைக் கொடுப்பதா வேண்டாமா என்று நீ முடிவு பண்ணிச் சொல்.

அந்தாண்ட காலி என்று சொன்னவள்,
உன் அம்மா